நடுவில் புகுந்த நீல வெள்ளை விமானம்

ஓரின் டெய்க்லண்ட் தன் அறுபத்தாறு வருட வாழ்க்கையில் ஒரு தப்பும் செய்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். வடகிழக்கு ஐயோவாவில் எங்கள் கவுண்டியில் முப்பத்தொரு வருடம் டிரைவிங் லைசென்ஸ் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் ஒரு அட்டை, அதில் குத்திய காகிதம், காதில் பென்சில். எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேரை ஒரு தடவையாவது ஃபெயிலாக்கி வீட்டுக்கு அனுப்பியவர்.

என்னை இரண்டு தடவை அனுப்பினார். முதல் தடவை, ஸ்டாப் போர்டில் சக்கரம் முழுசாக நிற்கவில்லையாம். இரண்டாம் தடவை நின்றேன். நின்றது போதாதாம், அவர் மனசுக்குள் மூன்று எண்ணி முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டேனாம். சுற்றிலும் சோளக்காடு, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி கிடையாது. பதினாறு வயசு எனக்கு, காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். "அழுகைக்கெல்லாம் மார்க் கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார் மனுஷன்.

இப்பேர்ப்பட்ட ஆளோடு கூட்டுச் சேர்ந்து விமானம் வாங்கினவள் நான். என் புத்தியை என்னவென்று சொல்ல! நான் தபால் வண்டி ஓட்டுகிறவள். நாற்பது வயசில் விவாகரத்து ஆனது, அந்தக் கையோடு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முழு விமானம் வாங்கத் தபால்காரிக்கு வசதி ஏது? ஓரினிடம் ஒரு பழைய செஸ்னா இருந்தது. நீலமும் வெள்ளையும் அடித்தது, நாலு பேர் உட்காரலாம், இறக்கை தலைக்கு மேலே இருக்கும். அதில் பாதியை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் போய் வாங்கிவிட்டேன். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது, "பேனாவை இப்படிப் பிடிக்கக் கூடாது ஆர்லிஸ்" என்றார். அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, அவருக்கு நல்ல கை. விமானம் அவர் சொன்னபடி கேட்கும். கையில் ஒரு குறையும் இல்லை, கோளாறெல்லாம் வாயில்தான். சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து நடக்கும். வரிசையில் யாராவது முன்னால் நிற்கும் சிநேகிதியிடம் பேசப் போய் அங்கேயே நின்றுகொண்டால் போதும், "கடைசி ஆள் எங்க நிக்கறாங்கன்னு தெரியுதுல்ல?" என்று இவர் குரல் வரும். ஒரு தடவை பாஸ்டரையே பின்னால் போகச் சொன்னார். பாஸ்டர் போனார். போகாமல்? அவரையும் இவர் ஒரு காலத்தில் ஃபெயிலாக்கியவர்தானே.

போன வருஷம் அக்டோபரில் எங்கள் புல்தரையில் இறங்கும்போது விமானம் ஓடுபாதை தாண்டிப் போய்ப் பக்கத்துச் சோயாக்காட்டுக்குள் நின்றது. காற்றை எதிர்த்து இறங்காமல் பின்காற்றில் இறங்கினார், அவ்வளவுதான் விஷயம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டத் துணிக் குழாய் ஒன்று கம்பத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது, அதை அண்ணாந்து பார்க்கவில்லை. உடம்பெல்லாம் சோயா இலையோடு இறங்கி வந்தவர், "காத்து தப்பா அடிச்சுது" என்றார். எதிரே அவர் மனைவி லவோன் நின்றுகொண்டிருந்தாள்.

லவோன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பாள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூட முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஜீவன் நான் பார்த்ததில் அவள் ஒருத்திதான். நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட அந்த விமானத்தில் ஏறியதில்லை. ஜூலை கடைசியில் ஓஷ்காஷ் ஊரில் நடக்கும் விமான மேளாவுக்கு ஓரின் வானத்தில் போவார், இவள் கூடாரத்தையும் சாப்பாட்டுப் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு ரோட்டில் போவாள்.

இந்த வருஷம் ஜூன் மாதம் ஒருநாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அடுப்பில் வைத்துச் சுட்ட உருளைக்கிழங்கு ஹாட்டிஷைப் பரிமாறிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஓரின், இந்தத் தடவை நானும் உன்கூட ப்ளேன்ல வர்றேன்."

அவருக்கு வாயெல்லாம் பல். "இப்பவாவது தைரியம் வந்துச்சே!"

"இரு, இன்னும் முடிக்கல. ஆர்லிஸ், நீ சாட்சி. வழியில இவர் ஒரு தப்பும் பண்ணாம போய் இறங்கினா ரொம்ப நல்லது. தப்புப் பண்ணினாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பண்ணினேன்னு இவர் வாயால சொல்லணும். சொல்லலேன்னா, ப்ளேன்ல இவரோட பாதியை வித்துடணும். அப்புறம் பறக்கறதே கிடையாது."

"என்ன பேச்சு இது? நான் எப்ப தப்புப் பண்ணியிருக்கேன்?"

"நீ கீழ விழுந்துடுவியோன்னு எனக்குப் பயமில்ல ஓரின். விழுந்துக்கிட்டே, இல்ல நான் விழலைன்னு சொல்லிக்கிட்டு இருப்ப பாரு, அதான் பயம்."

ஓரின் சிரித்தார். "சரி, ஒத்துக்கறேன். தப்பே பண்ணாதவன்கிட்ட என்னத்த வாங்கப் போற?" என்று கையை நீட்டினார். லவோன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் அன்றைக்கே அதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவள் மறக்கவில்லை.

ஓஷ்காஷுக்கு விமானத்தில் போவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வாரம் எங்கள் மாதிரி ஆட்கள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன விமானங்களில் ஒரே ஊருக்கு வந்து இறங்குவார்கள். இத்தனை பேரும் ரேடியோவில் வாய் திறந்தால் உருப்படுமா? அதனால் யாரும் பேசக் கூடாது, காதால் கேட்க மட்டும் வேண்டும். ரிப்பன் என்ற ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். ஆயிரத்து எண்ணூறு அடி உயரம், தொண்ணூறு நாட் வேகம், முன்னால் போகிறவருக்கு அரை மைல் பின்னால். வழியில் ஃபிஸ்க் என்று ஒரு குக்கிராமம். அங்கே மேட்டில் பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் விமானத்தின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். "புரிந்தது" என்பதற்கு நாம் இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்ட வேண்டும். நடுவில் யாரும் நுழையக் கூடாது. அங்கே அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

இதெல்லாம் ஒரு அறிவிப்பாக, முப்பது பக்கத்துக்கு மேல், வருஷா வருஷம் வரும். அதை அச்சடித்துப் படித்து, கையோடு கொண்டு போக வேண்டும் என்பது விதி. ஓரினிடமும் அறிவிப்பு இருந்தது, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் அவர் முதல் தடவை போனபோது வந்தது! அதில் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார்.

"இந்த வருஷத்தது படிச்சீங்களா?" என்று புறப்படுவதற்கு முந்தின வாரம் கேட்டேன்.

"ஏம்மா, தண்டவாளம் இடம் மாறிடுச்சா? ரிப்பன் இடம் மாறிடுச்சா? பிறகென்ன படிக்கறது?"

நானும் விட்டுவிட்டேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. என்னிடம் முறையான விமான லைசென்ஸ் இருக்கிறது. ஆனாலும் அந்த மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் பதினாறு வயசுப் பெண்ணாகி விடுகிறேன், என்ன செய்ய? என் பங்குக்கு நானாவது முழுசாகப் படித்திருக்கலாம். மேலோட்டமாகப் புரட்டிவிட்டு மூடி வைத்தேன். அந்த வெட்கம் எனக்கு உண்டு.

படித்தவள் லவோன். நூலகத்தில் போய் அச்சடித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே படித்திருக்கிறாள். பயத்தில் ஜெபம் பண்ணுகிறவர்கள் உண்டு, இவள் படித்தாள்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். ஓரின் இடது பக்கம், நான் வலது பக்கம், பின்னால் லவோன், அவள் பக்கத்தில் கூடாரமும் சாப்பாட்டுப் பெட்டியும். மூவர் தலையிலும் ஹெட்ஃபோன். பின்சீட்டு ஹெட்ஃபோனில் மைக் கெட்டுப் போய் எத்தனையோ வருஷமாகிறது. அங்கே யாரும் உட்காராததால் ஓரின் ரிப்பேர் செய்யவில்லை. ஆக, லவோன் எல்லாவற்றையும் கேட்கலாம், ஒன்றும் பேச முடியாது. "பொண்டாட்டிக்கு ஏத்த ஏற்பாடு" என்று ஓரின் சிரித்தார். கூடவே ஒரு விதியும் போட்டார்.

"இன்னும் இருபது மைல்ல ரிப்பன். இனிமே தரையில சக்கரம் படற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. புரியுதா?"

நல்ல விதிதான், நானும் மறுக்கவில்லை. அந்த விதி போட்ட இரண்டாவது நிமிஷம் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு ஓரினின் தோளைத் தட்டியது. கையில் ஒரு காகிதம். அவர் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினார், ரோட்டில் லாரியை நிறுத்துகிற போலீஸ்காரர் கணக்காக. கை பின்னால் போனது. அடுத்தது என் தோளைத் தட்டியது.

வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் கோட்டுக்கு மேல் மஞ்சள் கோடு, ஓரத்தில் மூன்று நட்சத்திரம் வேறு. கூட்டம் அதிகமாகிவிட்டால் வரிசை ரிப்பனில் தொடங்காது. மேற்கே தள்ளி, பக்கவே என்ற ஏரியில் தொடங்கும். எங்கே தொடங்குகிறது என்று ஒரு பதிவுக் குரல் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும், அதைக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஏரியில் சேராமல் வழியில் எங்கேயும் நுழையக் கூடாது.

"ஓரின், அந்தப் பதிவுக் குரலை ஒரு தடவை கேட்டுடலாமே."

"அது புதுசா வர்றவங்களுக்கு. வாயை மூடு."

"ஏரியிலேர்ந்து வரிசை வருதுன்னு இதுல போட்டிருக்கு. அங்க பாருங்க!"

இடது பக்கம் கையைக் காட்டினேன். மேற்கிலிருந்து விமானங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணி மாளவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அளந்து வைத்தது போல அரை மைல். நாங்கள் தென்மேற்கிலிருந்து நேராக ரிப்பன் தலைமேல் போய்க்கொண்டிருந்தோம்.

"எல்லாரும் தப்பா வர்றாங்க" என்றார் ஓரின்.

கடவுளே! அவர் சொன்னது அப்படியே இதுதான். வானத்தில் இருக்கும் அத்தனை பேரும் தப்பாக வருகிறார்களாம். சொல்லிவிட்டு, ஒரு மஞ்சள் விமானத்துக்கும் அதற்கு முன்னால் போன வெள்ளை விமானத்துக்கும் நடுவில் இருந்த அந்த அரை மைலில் எங்கள் மூக்கை நுழைத்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் விமானம் சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, வரிசையை விட்டுக் கீழே இறங்கி விலகியது. அதன் வயிறு வெயிலில் பளிச்சிட்டது. அதற்குப் பின்னால் வந்த விமானமும் தடுமாறியது. லவோன் என் சீட்டின் முதுகை இறுகப் பிடித்திருந்தாள்.

"என்னமா ஓட்டறான் பாரு அவன்! லைசென்ஸை யார் குடுத்தாங்களோ" என்றார் ஓரின், அந்த மஞ்சளைப் பார்த்து.

ஃபிஸ்க் மேட்டிலிருந்து குரல் வந்தது. "தண்டவாளத்து மேல வர்ற நீல வெள்ளை மேல்றெக்கை, நீங்க நடுவுல பூந்துட்டீங்க. றெக்கையை ஆட்டுங்க, இடது பக்கம் திரும்பி வெளிய போங்க. ஏரிக்குப் போய் முதல்லேர்ந்து வாங்க."

ஓரின் அசையவில்லை. "எவனோ பூந்திருக்கான்."

"நம்மளைத்தான் சொல்றாங்க!"

"நம்மளை எதுக்குச் சொல்லப் போறாங்க? இன்னைக்கு எத்தனை நீல வெள்ளை வந்திருக்கோ."

"நீல வெள்ளை, றெக்கையை ஆட்டுங்க." குரல் பொறுமையாகத்தான் இருந்தது. "இன்னும் ஆட்டாம போற நீல வெள்ளை. ஆமா சார், உங்களைத்தான். சுத்திமுத்திப் பாக்காதீங்க."

ஓரின் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்! பாவி மனுஷர் உண்மையாகவே நம்பினார். அது நடிப்பு இல்லை. தப்பு என்ற ஒன்று தன்னைத் தேடி வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. முன்னால் போன வெள்ளை விமானம் பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்குள் இத்தனை வருஷம் அடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று அறுந்தது. என் பக்கத்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

"விமானம் என் கையில!"

இப்படி ஒருவர் சொன்னால் மற்றவர் கையை எடுத்துவிட வேண்டும் என்பது விமானிகளுக்கு விதி. ஓரின் உடனே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். விதியை மீறாத மனுஷர் அல்லவா!

இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். "அப்பாடா, வணக்கம் நீல வெள்ளை" என்றது குரல். இடது பக்கம் திரும்பி வெளியே போனேன். ஏரி வரைக்கும் போகும் நேரமெல்லாம் ஓரின் கையைக் கட்டிக்கொண்டு, இது கலகம், அந்தக் காலத்துக் கப்பலில் இதற்குத் தூக்கில் போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூச்சு விடக் கூடாது என்ற விதி அவருக்குக் கிடையாது போலிருக்கிறது. நான் பதிவுக் குரலைப் போட்டுக் கேட்டேன். அது எழுத்துக்கு எழுத்து லவோனின் மஞ்சள் கோட்டைத்தான் படித்தது.

ஏரியில் வரிசையின் வாலைப் பிடித்தேன். எனக்கு முன்னால் யார் தெரியுமா? அந்த மஞ்சள் விமானம். பாவம், எங்களால் இடத்தை இழந்து திரும்பி வந்து முதலிலிருந்து நிற்கிறது. அதற்கு அரை மைல் பின்னால், தொண்ணூறு நாட், ஆயிரத்து எண்ணூறு அடி. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. ஃபிஸ்க் தாண்டும்போது, "நீல வெள்ளை, இந்தத் தடவை பிரமாதம்" என்றார்கள். ஓடுபாதையில் பெரிய பெரிய வண்ணப் புள்ளிகள் போட்டிருக்கும், சொன்ன புள்ளியில் இறங்க வேண்டும். எனக்குப் பச்சை. பச்சையிலிருந்து பத்தடி தள்ளி இறக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதாவது இருந்ததா தெரியவில்லை.

"பத்தடி முன்னாடி இறக்கிட்ட" என்றார் ஓரின்.

புல்வெளியில் விமானத்தை நிறுத்தி, இறக்கைக்குக் கீழே கூடாரம் அடித்தோம். லவோன் இறங்கியதும் என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இந்த வருஷம் ஏற்பாடு சரியில்லை என்றார், ரேடியோவில் தெளிவில்லை என்றார், சாலட்டில் உப்புக் குறைவு என்றார்.

மூன்று மணி இருக்கும். உயரமான ஒருவர் வரிசை வரிசையாக விமானங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பெயர் வெண்டல் கூப் என்றார், ஊர் நெப்ராஸ்காவாம்.

"காலையில ரிப்பன்ல என் முன்னாடி ஒரு நீல வெள்ளை செஸ்னா வந்து பூந்துச்சு. யாருன்னு பாத்துக் கேக்கணும்னுதான் சுத்திக்கிட்டிருக்கேன். சண்டைக்கு இல்ல. என் மாமியார் எழுபத்தொன்பது வயசுல இன்னைக்குத்தான் முதல் தடவையா ப்ளேன்ல ஏறினாங்க. நான் சாச்ச சாய்ப்புல கதிகலங்கிப் போயிட்டாங்க. திரும்பிப் போகும்போது பஸ்ஸுன்னு சொல்லிட்டாங்க."

நான் ஓரினைப் பார்த்தேன். லவோனும் பார்த்தாள். அவள் கையில் சாலட் கரண்டி அப்படியே நின்றது.

ஓரின் எழுந்தார். அந்த மனிதரின் தோளில் கை வைத்தார். "இந்த மாதிரி ஆளுங்களை விடவே கூடாது சார். நானா இருந்தா அவன் லைசென்ஸை அங்கேயே கிழிச்சிருப்பேன். வரிசையில நிக்கத் தெரியாதவன் வானத்துக்கு எதுக்கு வர்றான்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் வெண்டல். எங்கள் நீல வெள்ளையை ஒரு தடவை பார்த்தார், ஓரினின் கம்பீரத்தை ஒரு தடவை பார்த்தார், இந்த ஆளாக இருக்காது என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

லவோன் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஓரின், ஜூன் மாசம் என்கிட்ட கை குடுத்த. ஞாபகம் இருக்கா?"

"அது வேற, இது—"

"அந்த மனுஷன் கூடாரம் நாலு வரிசை தள்ளி இருக்கு, மஞ்சள் ப்ளேன், வரும்போதே பாத்தேன். நாளைக்குக் காலைச் சாப்பாடு வரைக்கும் உனக்கு டைம். போய்ச் சொல்லிட்டு வா. இல்லேன்னா ஊருக்குப் போனதும் உன் பாதிக்கு ஆள் பாக்கறேன்."

அவர் அன்றைக்கு முழுக்க விமானத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கே பரிதாபமாக இருந்தது. பறப்பதை விட்டால் அந்த மனுஷருக்கு என்ன இருக்கிறது? லைசென்ஸ் தேர்வும் போய்விட்டது, ஃபெயிலாக்க ஆள் இல்லை. காலையில் எழுந்து முகம் சவரம் செய்துகொண்டார். சுத்தமான சட்டை போட்டுக்கொண்டார். பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, நாலு வரிசை தாண்டி நடந்து போனார். நானும் லவோனும் காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கால் மணி நேரத்தில் திரும்பினார். முகத்தில் ஒரு தெளிச்சி. வரும் வழியில் எங்கேயோ மூன்று டோனட் வேறு வாங்கி வந்திருந்தார்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்ன?"

"நடுவுல பூந்தது எங்க ப்ளேன்தான், மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன். பெருந்தன்மையான மனுஷன், கை குடுத்தார்."

லவோன் அழுதுவிட்டாள். நாற்பத்தொரு வருஷம்! எழுந்து போய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நிமிஷம் அவர் என்னை ஃபெயிலாக்கியதையெல்லாம் மன்னித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு தடவையையும் மன்னித்தேன். அவர் கிழித்து ஒட்டியிருந்த பழைய பக்கத்தை லவோன் உரித்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். அதற்குக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு வெண்டல் வந்தார். கூடவே ஒரு வெள்ளைத் தலைக் கிழவி, கையில் மூடி போட்ட தட்டு. இருவரும் ஓரினைத் தாண்டி, லவோனைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தார்கள்.

"நீங்கதானே ஆர்லிஸ்? மனசுல வச்சுக்காதீங்க. கத்துக்கற காலத்துல எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார் வெண்டல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவி என் கன்னத்தைத் தட்டினாள். "வெக்கப்பட்டுக்கிட்டு நேர்ல வராம இருந்துட்டியாமே, பாவம். எங்க மருமகன் கோவக்காரன் இல்லம்மா. இந்தா, ருபார்ப் கேக், ஊர்லேர்ந்து நானே சுட்டுக் கொண்டு வந்தது. அந்தப் பெரியவர் நல்லவரா இருக்கப் போயி உனக்காக வந்து மன்னிப்புக் கேட்டாரு. அவர் பக்கத்துல இருந்து சொல்லலேன்னா ஏரிக்குத் திரும்பிப் போகணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தட்டு என் கைக்கு வந்துவிட்டது. நான் ஓரினைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

லவோன் மெதுவாகத்தான் கேட்டாள். "ஓரின். யார் ஓட்டினதா சொன்ன?"

"ஆர்லிஸ் ஓட்டினான்னு சொன்னேன்." அவர் குரலில் ஒரு கூச்சமும் இல்லை. "அதுல என்ன பொய்? றெக்கையை ஆட்டினது அவ, திருப்பினது அவ, இறக்கினது அவ. டவர்ல கேட்டுப் பாரு. வரிசையை விட்டு வெளிய போனப்ப இவர் பாத்தது அவ ஓட்டின ப்ளேனைத்தானே?"

லவோன் வெண்டலிடம் திரும்பினாள். "இவ பத்து வருஷத்துக்கு மேல ஓட்டறவ. உங்க முன்னாடி பூந்தவர் இவர், என் புருஷன். அப்ப நான் பின்சீட்டுல இருந்தேன். உங்க மாமியார்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

வெண்டல் என்ன செய்வார்? தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். கிழவி என் கையிலிருந்த தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேக்கை நீயே வச்சுக்கம்மா. அவருக்குக் குடுக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லவோன் கத்தவில்லை, அழவும் இல்லை. காலையிலேயே அழுது முடித்திருந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது நான் ஓட்டினேன், ஓரின் பக்கத்தில் உட்கார்ந்து என் ஓட்டுதலில் ஏழு குறை சொன்னார். ஆகஸ்டு முடிவதற்குள் அவருடைய பாதியை ஊர்ப் பல் டாக்டர் வாங்கிவிட்டார். ஆளைக் கூட்டி வந்தது லவோன், கையெழுத்துப் போட்டது ஓரின். கை குடுத்தது குடுத்ததுதான் என்று முனகிக்கொண்டே போட்டார்.

செப்டம்பரில் தபால் போடப் போகும் வழியெல்லாம் ஊரார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் மில் ரோட்டு வீட்டுக்காரி வாயைத் திறந்தே கேட்டுவிட்டாள். "ஏன் ஆர்லிஸ், அந்த வயசான மனுஷரை அப்படிப் பயமுறுத்தலாமா? உன்கூட ஓஷ்காஷ் போய் வந்ததுலேர்ந்து பறக்கவே பயமா இருக்குன்னு ப்ளேனையே வித்துட்டாராமே!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மிச்சத் தபாலை அப்படியே வண்டியில் போட்டுக்கொண்டு நேராக டெய்க்லண்ட் வீட்டுக்குப் போனேன். ஓரின் கொல்லையில் இருந்தார், பக்கத்து வீட்டுக்காரர் காரை எப்படிப் பின்னால் எடுக்க வேண்டும் என்று வேலிக்கு மேலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். லவோன் சமையலறையில் ஏதோ மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கொதித்துக் கொட்டியதையெல்லாம் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"தெரியும் ஆர்லிஸ். என்கிட்டயே அப்படித்தான் சொல்றார். இப்ப நிஜமாவே நம்பவும் ஆரம்பிச்சுட்டார்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ப்ளேனுக்காவது ஒரு பல் டாக்டர் கிடைச்சார்" என்றாள். "இவரை நான் யார்கிட்ட விக்கறது?"